கை வைக்காத இடம்

"அம்மா, அந்தச் சாட்டிலைட்டுக்கு நாம இங்க இருக்கிறது தெரியுமா?"

ஹரிணி ஒருமுறை இப்படிக் கேட்டாள். பாலிடெக்னிக்கின் மொட்டை மாடியில் ஆன்டெனாவை நிறுத்திய அன்று, கம்பத்தின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறுக்கு தின்றுகொண்டே கேட்டாள். அவளுடைய அம்மா பிரகதீஸ்வரி கையில் ஸ்பானரோடு நின்றாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று கொஞ்சம் யோசித்தாள்.

"தெரியாதும்மா. அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே போகும். காது வச்சிருக்கவங்க கேட்டுக்கலாம்."

"யாருமே கேக்கலைன்னா?"

"அப்பவும் பேசிக்கிட்டேதான் போகும்."

"பாவம்ல," என்றாள் ஹரிணி. முறுக்கில் பாதியை ஒடித்துக் கம்பத்தின் அடியில் வைத்தாள், எறும்புக்கோ சாட்டிலைட்டுக்கோ.

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்தப் பாலிடெக்னிக். பிரகதீஸ்வரி அங்கே எலக்ட்ரானிக்ஸ் துறை விரிவுரையாளர். கணவன் தோகாவில் வேலையில் இருந்தான். ரஷ்ய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்று தலைக்கு மேல் போகும்போது அது அனுப்பும் படத்தைப் பிடித்துக் காட்டும் அமைப்பு ஒன்றைத் தன் துறைக்காக அவள் நிறுவியிருந்தாள். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாடியில் முறுக்கிவிட்ட செம்புக் குழாய்களால் ஆன ஓர் ஆன்டெனா. அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிக்னலைத் தூக்கிவிடும் தீப்பெட்டி அளவு ஆம்ப்ளிஃபையர். அங்கிருந்து ஒரு கேபிள் சுவரோடு இறங்கி, ஜன்னல் வழியாக லேபுக்குள் வந்து, பென்டிரைவ் போன்ற ஒரு டாங்கிளில் முடியும். பழைய ரேடியோவில் சுருளும் கண்டென்சரும் செய்த வேலையை எல்லாம் இதில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருளே செய்துவிடும். ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிள் வழியாகத்தான் மேலே ஏறும். சிக்னல் இறங்குகிற வழியிலேயே கரண்ட் ஏறுகிறது என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். எதிரெதிரே இரண்டு பஸ் போகிற சாலை மாதிரி என்பாள்.

வங்காள விரிகுடாவில் மேகம் திரளுவதும், இலங்கைக்கு மேல் வெள்ளைச் சுழி விழுவதும் அரிமளம் சாலைக் கட்டடம் ஒன்றின் திரையில் வரி வரியாக இறங்கும். மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். கரெஸ்பாண்டன்ட் தங்கமுத்துவுக்கும் அதில் பெருமை. கல்லூரி விளம்பரத் தட்டியில் அந்த ஆன்டெனாவை முதல் படமாகப் போட்டிருந்தார்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த திங்கட்கிழமை, திரையில் ஒன்றுமே வரவில்லை.

செயற்கைக்கோள் வருகிற நேரத்தில் திரையில் ஒரு மேடு எழும்ப வேண்டும். மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருக்கும் அந்த நீலத் திரையை வாட்டர்ஃபால் என்பார்கள். அருவி மாதிரிதான் இருக்கும். அதில் அன்று மேடு இல்லை. அதற்குப் பதிலாகச் சீப்பின் பற்கள் போலச் சம இடைவெளியில் கோடு கோடாக நின்றது.

"போச்சு மேடம். ரஷ்யாக்காரன் சாட்டிலைட்டை வித்துட்டுப் போயிட்டான்," என்றான் சேவுகன். பக்கத்து கம்ப்யூட்டர் லேபின் இன்ஸ்ட்ரக்டர். எந்தக் கெட்ட செய்தியையும் சிரித்துக்கொண்டே சொல்லும் வரம் அவனுக்கு இருந்தது.

"சும்மா இருங்க சேவுகன். இந்தக் கோடெல்லாம் வானத்துல இருந்து வரலை. பக்கத்துலயே ஏதோ கத்துது."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பூஜைக்குக் கட்டிய சீரியல் பல்புகள் கட்டடம் முழுவதும் பட்டப்பகலில் இன்னும் கண்ணடித்துக்கொண்டிருந்தன. மலிவான எல்.இ.டி. விளக்குகளுக்கு இந்தக் குணம் உண்டு, வெளிச்சத்தோடு இரைச்சலையும் சேர்த்தே கொடுக்கும். சுவிட்சை அணைக்கச் சொன்னாள். சீப்பின் பற்கள் அத்தனையும் ஒரே நொடியில் உதிர்ந்தன.

"அடேங்கப்பா!" என்றான் சேவுகன்.

ஆனால் அடுத்த முறை செயற்கைக்கோள் வந்தபோதும் மேடு எழும்பவில்லை. இரைச்சல் போய்விட்டது, சிக்னலும் இல்லை. நோயாளி புலம்பலை நிறுத்திவிட்டான், காய்ச்சல் இறங்கவில்லை என்கிற மாதிரி.

மாலையில் தங்கமுத்து கூப்பிட்டனுப்பினார்.

கரெஸ்பாண்டன்ட் கெட்ட மனிதர் இல்லை. நெல் வியாபாரத்தில் சம்பாதித்ததை எல்லாம் இந்தக் கல்லூரியில் கொட்டியவர். கொட்டியதில் ஒரு மணி சிந்தினாலும் அவருக்குத் தாங்காது. சென்ற வருடம் யாரோ கவனமில்லாமல் விட்டதில் ஒர்க்‌ஷாப்பின் லேத் மோட்டார் புகைந்துபோனது. யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதிலிருந்து எது கெட்டாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"யாரு கை வெச்சது?"

"இன்னும் தெரியலைங்க சார். பாத்துக்கிட்டு இருக்கேன்."

"வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருது. ஒங்க டிபார்ட்மென்ட்டுல காட்டறதுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான். அதுவும் படுத்துக்கிச்சுன்னா அடுத்த வருசம் அந்த கோர்ஸே வேணாம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க." மேஜை மேல் இருந்த செல்போனைத் திருப்பிக் காட்டினார். "கேமராவைப் போட்டுப் பாத்தேன். லீவுக்கு முந்தின நாள் மாடிக்குப் போனது ஒரே ஆளுதான். நாகராசு."

அந்த வீடியோவில் நாகராசு ஒரு வாளியும் துணியுமாகப் படியேறுவது தெரிந்தது.

"சுத்தம் பண்ணப் போயிருப்பாருங்க சார்."

"சுத்தம் பண்றவன் சும்மா வந்தானா, எதையாவது பிடுங்கிட்டு வந்தானான்னு எனக்கெப்படித் தெரியும்? அவனுக்கு எக்ஸ்டென்ஷன் பேப்பர் என் டேபிள்லதான் கெடக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க. அவன் கைதான்னா இந்த மாசத்தோட சரி." பிறகு குரலைக் கொஞ்சம் தணித்தார். "ஒங்க பெங்களூர் ட்ரெய்னிங்குக்கு எழுதியிருந்தீங்கள்ல, அதுவும் மனசுல இருக்கு. இந்த வேலையை நல்லபடியா முடிங்க."

பெங்களூரில் ஒரு வாரப் பயிற்சி. செயற்கைக்கோள் தரை நிலையங்களைப் பற்றியது. ஒரு கல்லூரியிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். அவள் முன்பு விண்ணப்பித்தபோது ஹரிணிக்கு அம்மை போட்டிருந்தது, போக முடியவில்லை. இந்த முறை தன் தங்கையை வரச்சொல்லி ஏற்பாடுகூடச் செய்துவிட்டாள்.

நாகராசு லேப் அட்டெண்டர். ஓய்வு வயது தாண்டிவிட்டது. வருடா வருடம் நீட்டிப்பு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் திருச்சியில் நர்சிங் கடைசி வருடம். அவள் படித்து முடிக்கிறவரைக்கும் கால் ஓடினால் போதும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டிருப்பதாக எல்லோரிடமும் சொல்வார். எலக்ட்ரானிக்ஸில் அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் இல்லை. ஆனால் அவர் பெருக்கிய அறையில் ஒரு திருகாணி தொலைந்ததில்லை. கீழே கிடக்கும் எதையும் எடுத்துத் துடைத்து, மேஜை மூலையில் ஒரு தட்டில் போட்டு வைப்பார்.

பிரகதீஸ்வரி அவரிடம் நேராகவே கேட்டாள்.

"நாகராசண்ணே, பூஜையப்ப மாடிக்குப் போனீங்களா?"

"போனேங்க மேடம். எல்லாத்தையும் கழுவித் தொடச்சேன்."

"ஆன்டெனாவுல எதுலயாவது கை வச்சீங்களா?"

நாகராசு பதறிப்போனார். "ஐயய்யோ, நான் போயி அதுல கை வெப்பனா? கும்பிட்டேன், வந்தேன். அம்புட்டுதான் மேடம்."

அந்த முகத்தில் பொய் இல்லை. அவள் நம்பினாள். நம்பியது சரிதான். ஆனால் அவள் கேட்ட சொல்லும் அவர் புரிந்துகொண்ட சொல்லும் ஒன்றல்ல என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாடிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தாள். கம்பம் சாயவில்லை. கேபிளை அணில் கடிக்கவில்லை. பெட்டி மூடியே இருந்தது. கீழே வந்து முறையாகத் தேட ஆரம்பித்தாள்.

இப்படிப்பட்ட கோளாறைத் தேடுவதற்கு ஒரு வழி உண்டு. வானத்திலிருந்து திரைவரைக்கும் உள்ள பாதையை நடுவில் வெட்டி, கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்க வேண்டும். பதில் வந்த பக்கத்தை மறுபடி வெட்ட வேண்டும். பொறுமை இருந்தால் போதும், கோளாறு தானாக மூலைக்கு வந்து உட்கார்ந்துவிடும். முதலில் மென்பொருள். விடுமுறையில் கம்ப்யூட்டர் தானாகவே எதையோ புதுப்பித்துக்கொண்டிருந்தது, அதனால் சேவுகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினான். மாற்றமில்லை. உபரியாக இருந்த டாங்கிளைச் செருகிப் பார்த்தாள். அதே ஊமைத் திரை. மாடிக் கேபிளைக் கழற்றிவிட்டு டாங்கிளில் ஒரு சாண் கம்பியைச் செருகினாள். பண்பலை வானொலியின் விளம்பரப் பாட்டு கணீரென்று வந்தது.

"மேடம், சாட்டிலைட்டு பேச ஆரம்பிச்சிருச்சு. பல்பொடி விக்குது," என்றான் சேவுகன்.

அவள் சிரித்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எல்லாம் நலம் என்று அதற்குப் பொருள்.

புதன்கிழமை நல்ல வெயில். உச்சிப்பொழுதில் மேடு லேசாகத் தலைகாட்டி, பாதிப் படம் வந்தது. சரியாகிவிட்டது என்று துறை முழுக்கக் கை தட்டினார்கள். மாலையில் தூறல் விழுந்ததும் மறுபடி போய்விட்டது. வெயிலில் வருகிறது, ஈரத்தில் போகிறது. அவள் மல்டிமீட்டரை எடுத்தாள். டாங்கிளிலிருந்து மேலே ஏற வேண்டிய மின்னழுத்தம் கேபிளை மாட்டாதபோது சரியாக இருந்தது. மாட்டியதும் சரேலென்று இறங்கியது. மேலே எங்கேயோ, ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ச் சேர வேண்டிய கரண்ட் வழியிலேயே கசிகிறது.

வியாழக்கிழமை மாடியேறிப் பெட்டியைத் திறக்கலாம் என்று இருந்தாள். விடிந்ததிலிருந்தே இடியும் மழையும். இரும்புக் கம்பத்தின் அருகே போவது உசிதமில்லை. ஜன்னல் ஓரம் நின்று மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி விட்டு ஹரிணி வருகிற நேரம். ஜூன் மாதத்திலிருந்து ஸ்கூல் வேன் அவளைக் கல்லூரி வாசலில் இறக்கிவிடும், அவள் லேபுக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். அப்படித்தான் பிரகதீஸ்வரி நினைத்திருந்தாள். அன்று மழை பலமாக இருந்ததால் குடையோடு வாசலுக்குப் போனாள். வேன் வரவில்லை. வாட்ச்மேன் அறையில் ஒதுங்கி நின்றிருந்த சேவுகன் சாலையைக் காட்டினான்.

"அந்தா வருது பாருங்க மேடம், ஒங்க விஐபி."

மெயின்ரோட்டு முக்கிலிருந்து நாகராசு வந்துகொண்டிருந்தார். ஒரே குடை. அது முழுவதும் ஹரிணியின் தலைக்கு மேல் இருந்தது. அவர் காக்கிச் சட்டை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. கிரஷர் லாரி ஒன்று சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனபோது பிள்ளையைத் தன் மறுபக்கம் இழுத்துக்கொண்டு, முதுகில் அதை வாங்கினார்.

"வேன் ஏன் வாசலுக்கு வரலை?" என்று சேவுகனைக் கேட்டாள்.

"பாலத்தைத் தோண்டிப் போட்டதுல இருந்து வேன் இங்கிட்டு வாரதில்லையே மேடம். முக்குலயே எறக்கி விட்டுட்டுப் போயிடறான். நாகராசண்ணன்தான் தெனமும் போய் ரோட்டைக் கடத்திக் கூட்டியாராரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கல்குவாரி லாரிகள் இரண்டு பக்கமும் பறக்கிற அந்தச் சாலையை அவளுடைய பிள்ளை தினமும் கடந்திருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை?" என்று மகளைக் கேட்டாள்.

"நீ கேக்கவே இல்லையே," என்றாள் ஹரிணி. "நாகராசு தாத்தா கையைப் பிடிச்சாத்தான் லாரி நிக்கும்."

நாகராசு சட்டை முனையைப் பிழிந்துகொண்டே சங்கடமாகச் சிரித்தார்.

"அட, அந்நேரத்துக்கு நான் டீ குடிக்கப் போறதுதாங்க மேடம். வரப்ப பாப்பாவும் கூட வருது. ஒங்ககிட்டச் சொன்னா வேலையை விட்டுட்டு நீங்க ஓடியாருவீங்க. கிளாஸ் கெட்டுப்போகும்ல."

முக்கில் டீக்கடை இல்லை. இருந்த ஒன்றையும் பாலவேலைக்காகப் பிரித்துவிட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள், "தலையைத் தொவட்டி விடுங்க மேடம், சளி பிடிச்சுக்கும்," என்று பிள்ளையைக் காட்டிவிட்டு வாளியைத் தேடிப் போய்விட்டார். நன்றியை வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். கடவுள் அவர்களைத்தான் அதிகம் நம்புகிறார் போலும்.

வெள்ளிக்கிழமை காலையில் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. ஹரிணியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுச் சீக்கிரமே வந்தாள். வாட்ச்மேனைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு தனியாக மாடிக்கு ஏறினாள். கம்பத்தோடு ஏணியைச் சாய்த்து, பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினாள்.

மூடியின் வெளிப்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். மழையில் பாதி கரைந்திருந்தது. அதைச் செவ்வாய்க்கிழமையே பார்த்திருந்தாள். கல்லூரியில் பூஜையன்று பொட்டு வைக்காத பொருள் எது? லேத்துக்கு உண்டு, வெல்டிங் மெஷினுக்கு உண்டு, கேன்டீன் கிரைண்டருக்கும் உண்டு. அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூடியைத் திறந்ததும் உள்ளே பார்த்தாள். ஆம்ப்ளிஃபையரின் தலையில் ஒரு பொட்டு. கேபிள் வந்து சேரும் கனெக்டரைத் திருகிப் பிரித்தாள். அந்த வாய்க்குள், நடு ஊசியைச் சுற்றி, கெட்டியாகச் சந்தனம். அதன்மேல் குங்குமம். ஈரமும் கரண்டும் சேர்ந்து ஊறியதில் பித்தளை எல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வெயிலில் காய்ந்தால் சந்தனம் விலகிக்கொள்ளும், கொஞ்சம் சிக்னல் கசியும். மழை பெய்தால் ஈரம் குடித்து ஊசியையும் உறையையும் ஒன்றாகக் கட்டிப்போடும். புதன்கிழமையின் பாதிப் படத்துக்கும் வியாழக்கிழமையின் ஊமைத் திரைக்கும் அதுதான் கணக்கு.

பஸ்ஸுக்குப் பூஜை போடுகிறவன் பானெட்டைத் திறந்து என்ஜினுக்கும் ஒரு பொட்டு வைப்பான். வெளியே மட்டும் வைத்துவிட்டு வந்தால் பூஜை முழுமையில்லை என்று அவனுக்குத் தோன்றும். நாகராசுவும் அப்படித்தான் செய்திருக்கிறார். பெட்டியைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்து, கழன்று வருவதைக் கழற்றி, உயிர் இருக்கும் இடம் இதுதான் போலிருக்கிறது என்று அந்த வாயில் பொட்டு வைத்து, எடுத்தது எடுத்தபடி பூட்டிவிட்டு, கைகூப்பிவிட்டு இறங்கியிருக்கிறார்.

'நான் போயி அதுல கை வெப்பனா? கும்பிட்டேன், வந்தேன்.'

அவர் அகராதியில் கை வைப்பது என்றால் கெடுப்பது, களவாடுவது. சந்தனம் வைப்பது கை வைப்பதில் சேராது. கோயில் கருவறையில் குருக்கள் சாமிக்குச் சாத்துவதைச் சாமிமேல் கை வைத்தார் என்று யாராவது சொல்வார்களா?

அவள் ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். கீழே கரெஸ்பாண்டன்டின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நேரம் இல்லை. கேபிளின் கெட்டுப்போன முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கனெக்டரைப் பூட்டினாள். ஆம்ப்ளிஃபையரின் வாயைப் பழைய பல் பிரஷ்ஷாலும் ஸ்பிரிட்டாலும் மஞ்சள் போகும்வரை தேய்த்தாள். சுரண்டி எடுத்ததைக் காலில் மிதிபடும்படி கீழே உதற மனம் வரவில்லை. ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சாமிக்கு வைத்தது, இடம் தவறிப்போய்விட்டது, அவ்வளவுதான். மூடியைப் பூட்டிவிட்டு இறங்கினாள்.

மீட்டர் இந்த முறை கேபிளை மாட்டிய பிறகும் அசையாமல் நின்றது.

ஆய்வுக் குழுவினர் லேபுக்குள் வந்த சற்று நேரத்தில் செயற்கைக்கோள் தெற்கிலிருந்து எழுந்தது. வாட்டர்ஃபாலில் முதலில் ஒரு நிழல். பிறகு அழகான மேடு, முதுகு காட்டி நீந்தும் மீன் போல. படம் வரி வரியாக இறங்கியது. இலங்கை வந்தது, பாக் நீரிணை வந்தது, கோடியக்கரையின் மூக்கு வந்தது. குழுவில் இருந்த வயதான அம்மாள் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதுல நாம எங்கம்மா இருக்கோம்?" என்று கேட்டார். பிரகதீஸ்வரி கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் இடத்தை விரலால் காட்டினாள். மேகமில்லாத இடம். அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குழு திருப்தியோடு கிளம்பிற்று.

"ஜெயிச்சுட்டோம் மேடம்," என்றான் சேவுகன். "ரஷ்யாக்காரன் வாடகை பாக்கியைக் கட்டிட்டான்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள். அவள் மறுபடி மாடிக்குப் போனாள். ஒரு வேலை பாக்கி இருந்தது. மாடியில் திறந்தவெளியில் இருக்கும் இணைப்பு எதுவானாலும், ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, தண்ணீரும் கையும் புகாதபடி அடைத்துவிட வேண்டும். இந்த வேலையின் முதல் பாடம் அது. மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது. ஆன்டெனாவை நிறுத்திய வாரம் கடையில் அந்த டேப் இல்லை. பிறகு வந்தது. வந்தது மேஜை டிராயரிலேயே கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். சுற்றியிருந்தால் அந்தக் கனெக்டரை நாகராசுவால் கழற்றியிருக்க முடியாது. பொட்டு பெட்டிக்கு வெளியிலேயே நின்றிருக்கும்.

ஏணியில் ஏறி நிற்கும்போது செல்போன் அடித்தது. தங்கமுத்து.

"ரொம்ப சந்தோசம் மேடம். மானத்தைக் காப்பாத்துனீங்க. சரி, இப்பச் சொல்லுங்க. என்ன கோளாறு?"

"கனெக்டர்ல ஈரம் எறங்கிக் களிம்பு பிடிச்சிருச்சுங்க சார். மாத்திட்டேன்."

"ஈரம் எப்படி எறங்குச்சு? யாரு கை வெச்சது? நாகராசுதானே? பேப்பர் முன்னாடிதான் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிச்சுடறேன்."

மாடியில் யாரும் இல்லை. கம்பத்து நிழலில் ஒரு தட்டான் உட்கார்ந்து எழுந்தது. ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் அதுவும் உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குள், ஈரத்துணியோடு கும்பிட்டு நின்ற ஒரு மனிதனைத் தங்கமுத்துவால் பார்க்க முடியாது. அவளுக்குத் தெரிந்த இன்னோர் உண்மையும் இருந்தது. அதற்குச் சொந்தக்காரி அவள்தான். அவள் அதை எடுத்தாள்.

"கை வெக்க வேண்டிய எடத்துல கை வெக்காம விட்டது நான்தாங்க சார். அங்க டேப் சுத்தி அடைச்சிருக்கணும். போன வருசமே செஞ்சிருக்க வேண்டிய வேலை. நான் சுத்தாம விட்டுட்டேன். அது சுத்தியிருந்தா எதுவுமே உள்ள போயிருக்காது."



"நீங்களா?"

"நான்தாங்க சார்."

"நாலு நாளா ஊரையே கூட்டித் தேடினீங்களே மேடம்! ஒங்க வேலையை நீங்க பாக்காததுக்கா?" குரல் ஏறி, பிறகு சலிப்பில் இறங்கியது. "நான் அந்த ஆளை வேற சந்தேகப்பட்டுட்டேன். என்னத்தைச் சொல்ல. நீங்களே இப்படின்னா, பெங்களூருக்கு அனுப்பி நீங்க என்ன கத்துக்கிட்டு வரப் போறீங்க?"

"சேவுகன் சாரை அனுப்புங்க சார். நல்லா கத்துக்குவாரு."

"அதைத்தான் செய்யப்போறேன்," என்று போனை வைத்தார். வைப்பதற்கு முன், பேனா மூடியைத் திறக்கும் சின்னச் சத்தமும், யாரிடமோ "இந்தா, நாகராசு பேப்பரை ஆபீஸ்ல குடு" என்று சொல்வதும் காதில் விழுந்தது.

அவள் செல்போனைப் பையில் போட்டாள். பெங்களூர் கைநழுவியதில் வருத்தம்தான். இல்லை என்று சொல்ல முடியாது. தங்கையை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே டேப்பை எடுத்தாள். இழுத்தால் இரண்டு மடங்கு நீளும் கறுப்பு டேப். கீழிருந்து மேலாக, ஒரு சுற்றின் பாதியின் மேல் அடுத்த சுற்று விழும்படி, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி அழுத்திச் சுற்றினாள். பிறகு எந்த விரல் நகத்துக்கும் முனை அகப்படாதபடி தேய்த்து ஒட்டினாள்.

பெட்டியை மூடித் திருகாணிகளை இறுக்கினாள். மூடியின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தாள். அழுக்கு போயிற்று. பாதி கரைந்து நின்ற அந்தச் சந்தனப் பொட்டின் அருகே வந்ததும் துணி நின்றது. அதைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டு, ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.